புதுப்பிப்பு: கோட்டையடித் திடலில் நட்ட கன்றுகள்

கார்த்திகை மழையோடு, பிரெட்ரிக் கோட்டைக்குக் கிட்டவுள்ள திடலோரம் வேம்பும் பூவரசும் 40 கன்றுகள் நட்டோம் என்று முன்பு எழுதியிருந்தேன். "மான்கள் விட்டுவைக்குமா?" என்று அப்போது பலர் கேட்டீர்கள். விட்டுவைக்கவில்லை. திருகோணமலை நகருக்குள் உலாவும் புள்ளிமான்கள் பூவரசந் தளிர்களை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டன. வேம்பை அவ்வளவாகத் தொடவில்லை. கசப்புத்தான் காத்தது என்று நினைக்கிறேன்.

அயலில் இருக்கும் ஐயா ஒருவர்தான் வழி சொன்னார்: "தம்பி, பூவரசைக் கன்றாக வைக்காதீர்கள். ஆளுயரத்துக்கு மேல் போத்தாக, அதாவது தடித்த கிளையாக வெட்டி நடுங்கள், துளிர் மானின் வாய்க்கு எட்டாது." தை மாதம் அப்படியே நட்டோம். பூவரசு உப்புக் காற்றுக்கும் தாக்குப்பிடிக்கும் மரம். பெரும்பாலான போத்துகள் துளிர்த்துவிட்டன.

இப்போது கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசுகிறது. மண் சாம்பலாகப் பறக்கிறது. அடியில் சிறு துளையிட்ட மண்பானையை ஒவ்வொரு வேம்பின் அருகிலும் புதைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை நிரப்புகிறோம். பட்டுவிட்டது என்று நான் கைவிட்ட ஒரு கன்றில் நேற்றுச் செம்பு நிறத்தில் இரண்டு இலைகள் விரிந்திருந்தன. தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது, அவ்வளவு மெல்லியவை.

ஞாயிறு காலை 6 மணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு வாளியோடு வாருங்கள்.