‘பத்தர்’ என்ற குடும்பப் பெயர்: தட்டாரா, பக்தரா?

ராஜி_டோங்காட்
எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் ஒரு பக்கமாவது தமிழில் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் ஆயா சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கல். அவர்கள் குடும்பப் பெயருக்கு ஆங்கில எழுத்து பி, ஏ, டி, எச், இ, ஆர். அச்சகத்துப் பையன் அனுப்பிய மாதிரியில் ‘பாதர்’ என்று வந்திருக்கிறது. படித்தால் மாதா கோயில் சாமியார் வீட்டுச் சம்பந்தம் போல இருக்கிறது! ‘பத்தர்’ என்று திருத்தச் சொன்னேன். உடனே மாப்பிள்ளையின் பெரியப்பா, “அது பக்தர் அம்மா, எங்கள் தாத்தா பெரிய முருக பக்தர்” என்கிறார். நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி (முதலி) என்றால் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் உண்டு. இந்தப் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை. என்ன பெயர் இது? தமிழில் எப்படிப் போடுவது?

ஜோபர்க்_குமரன்
பத்தர்தான் அக்கா. நான் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்தவன். எங்கள் பக்கம் நகை செய்கிறவரைப் பத்தர் என்றுதான் கூப்பிடுவோம். “தோட்டுக்குத் திருகாணி போடப் பத்தரிடம் கொடுத்திருக்கிறேன்” என்று அம்மா சொல்லாத மாதமில்லை. கம்மாளரில் கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்று ஐந்து தொழில். பொன் வேலை செய்யும் தட்டாருக்குப் பத்தர் என்பது மரியாதைப் பட்டம். ஊருக்கு ஊர் ஆசாரி என்பதும் உண்டு. அந்த ஆசாரியும் டர்பன் இருக்கிற இந்த நட்டாலுக்கு வந்திருக்கிறார். நடுவில் ஒரு ‘ர்’ சேர்ந்து ‘ஆர்ச்சரி’ ஆகி, வில்லும் அம்பும் பிடித்தவர் போல நிற்கிறார், அவ்வளவுதான்.

பீனிக்ஸ்_தாசன்
தம்பி, கும்பகோணத்து வழக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். பத்தர் என்றால் பக்தர். “பத்தராய்ப் பணிவார்கள் எல்லார்க்கும் அடியேன்” என்று சுந்தரர் பாடியது நகைக்கடைக்காரரையா? ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த நம் ஜனம் கரும்பு வெட்டிய கையோடு முதலில் கட்டியது கோயில். டர்பனில் அம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் கோயில் எழுப்பினார்கள். 1905 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினார்கள். அப்படிக் காவடி எடுத்து, தேர் இழுத்து, பதிகம் சொல்லிக்கொடுத்து நின்ற மனிதரை ஊர் பத்தர் என்று அழைத்திருக்கும். அது பிள்ளைகளுக்குப் பெயராக நின்றுவிட்டது. பெரியப்பா சொல்வதில் என்ன குறை?

இன்னொன்று. நகை செய்யத் தெரிந்தவன் எதற்குக் கடல் தாண்டிக் கரும்புக் காட்டுக்கு வரப்போகிறான்?

சும்மா_ஒருத்தன்
இரண்டு பேரும் தப்பு. சிலப்பதிகாரத்தில் கானல்வரி தொடக்கத்தைப் பாருங்கள்: “பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும்”. பத்தர் என்பது யாழின் உறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் பாணர் பரம்பரை. கல்யாணத்தில் அவர்களையே பாடச் சொல்லி மேளக்காரர் செலவை மிச்சம் பிடியுங்கள்.

(அதே சிலப்பதிகாரத்தில் கோவலனைக் காட்டிக்கொடுத்தவன் ஒரு பொற்கொல்லன் என்பதையும் குமரனுக்கு நினைவுபடுத்துகிறேன். சம்பந்தி வீட்டில் சிலம்பு இருந்தால் பத்திரம்.)

ஜோபர்க்_குமரன்
😀 அந்தப் பழியை எங்கள் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

தாசன் அண்ணா கேட்டது நல்ல கேள்வி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் வந்த பஞ்சம் தெரியும்தானே? பஞ்சம் வந்தால் ஜனம் முதலில் விற்பது நகையை. அப்போது புதிதாகச் செய்யச் சொல்லி யார் வருவார்கள்? உழுகிறவனுக்கு ஒரு மழை பெய்தால் வேலை திரும்பிவிடும். பத்தருக்கு அப்படியில்லை. ஜனம் சாப்பிட்டு, கடன் அடைத்து, கையில் நாலு காசு மிஞ்சி, அதற்குப் பிறகு பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால்தான் உலையில் கரி போட முடியும். கடைசியாக எழுந்திருக்கிறவன் அவன்தான். நட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1866இல் நின்று 1874இல் மறுபடி தொடங்கியிருந்தது. கணக்குப் பொருந்துகிறது.

வந்தபின் அவனுக்கு இங்கே வேலையும் இருந்தது. முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். அதில் மிச்சம் பிடித்ததை நம் பெண்கள் கழுத்திலும் காதிலும்தான் போட்டு வைத்தார்கள். நாம் இன்றும் எட்டு கிராமைப் பவுன் என்கிறோமே, அது வெள்ளைக்காரனின் தங்கக் காசு எடை. அந்தக் காசைக் கோத்தால் காசுமாலை, உருக்கினால் வளையல். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்த பத்தன் மண்வெட்டியையா பிடித்துக்கொண்டிருப்பான்?

மேரிட்ஸ்பர்க்_சுந்தர்
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் விடியாது. இங்கே பெயர்கள் பதிவான விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1860 நவம்பர் 16இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், உயரம் என்று பத்திகள் இருக்கும். ‘குடும்பப் பெயர்’ என்று தனியாக ஒரு பத்தி கிடையாது, ஏனென்றால் நமக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடம் என்று வந்தபோது அதிகாரி குடும்பப் பெயர் கேட்டான். சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். முனுசாமி, பெருமாள், மாரிமுத்து எல்லாம் அப்படிக் குடும்பப் பெயர் ஆனவை. சிலர் பட்டத்தைச் சொன்னார்கள். நாயுடு, பிள்ளை, படையாச்சி, ரெட்டி அப்படி. மேஸ்திரி என்று வேலையையே பெயராக வைத்துக்கொண்ட குடும்பமும் உண்டு.

தோட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது வயல் வேலை செய்கிற கை. கம்மாளர் வந்ததே குறைவு. வந்தவர்களிலும் ஒரு பங்கு தகப்பன் பெயருக்குள் கரைந்திருக்கும். பத்தர் அரிதாக இருப்பதற்கு இதற்கு மேல் மர்மம் தேட வேண்டியதில்லை.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் இதைப் ‘பட்டர்’ என்று பிராமணப் பெயராக்குவார்கள். செட்டி என்பதை இங்கே இரண்டு ‘டி’ போட்டுத்தான் எழுதினார்கள். பட்டருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். ‘டி, எச்’ என்றால் தகரம். ஆகவே அது கழிந்தது.

பீனிக்ஸ்_தாசன்
தகரம் என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, பக்தருக்கும் அதே தகரம்தான். க் என்ற மெய்யைக் குமாஸ்தா விழுங்கியிருப்பான். கவுண்டன் கோவெண்டர் ஆனதாக ஒரு கட்சி, கோவிந்தன்தான் ஆனது என்று இன்னொரு கட்சி, இந்த ஊரில் இன்னும் தீராத வழக்கு. அந்த லட்சணத்தில் ஒரு க் எம்மாத்திரம்?

மேரிட்ஸ்பர்க்_சுந்தர்
குமாஸ்தா தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்றால் எந்தப் பெயரையும் எந்தப் பெயராகவும் ஆக்கலாமே ஐயா. நான் கேட்பது இது. கோயிலில் நின்றவரை நம் ஜனம் என்னவென்று கூப்பிட்டது? பூசாரி, பண்டாரம், குருக்கள். பண்டாரம் இங்கே குடும்பப் பெயராகவே இருக்கிறது. “பக்தரே, இங்கே வாருங்கள்” என்று ஒரு மனிதரைத் தெருவில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? பக்தர் என்பது கூட்டத்தைச் சொல்வது. “பக்தர்கள் வரிசையில் வரவும்.” பத்தரே என்று கூப்பிடுவது உண்டு, அது நகைப் பட்டறையில்தான்.

வெரூலம்_விஜி
குறுக்கிடுகிறேன். பத்தவச்சலம் என்று பெயர் உண்டே? பக்தவத்சலத்தை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அதன் தலைப்பகுதி மட்டும் நின்று பெயர் ஆகியிருக்கலாம் அல்லவா?

ஜோபர்க்_குமரன்
பத்தா, பத்து என்று சுருங்கும் விஜி. ‘ர்’ எங்கிருந்து முளைக்கும்? மரியாதைக்கு வருகிற ர் அது, நாயக்கரில் இருக்கிற மாதிரி.

கேட்டோமேனர்_பேரன்
எல்லோரும் இலக்கணம் பேசுகிறீர்கள். பெரியப்பா ஏன் ‘க்’ கேட்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பத்தர் என்று அச்சடித்தால் தமிழ்நாட்டிலிருந்து வருகிற எவனும் பார்த்த மாத்திரத்தில் சாதியைச் சொல்லிவிடுவான். இந்தக் குமரன் தம்பி ஒரு நொடியில் சொன்ன மாதிரி. பக்தர் என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, புண்ணியமும் சேரும். “கள்ளர் மறவர் கனத்த அகமுடையார் மெல்ல மெல்ல வெள்ளாளர் ஆனார்” என்று ஊரிலேயே பழமொழி இருக்கிறது. கப்பலில் அதற்கு மெல்ல மெல்லக்கூடத் தேவைப்படவில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஒரு பெயரோடு ஏறியவன் டர்பனில் பிள்ளையாகவோ நாயுடுவாகவோ இறங்கினான். நான் அதைக் குற்றம் சொல்லவில்லை, என் குடும்பத்துப் பெயரும் அப்படி வந்ததுதான் என்று எங்கள் பாட்டியே சொல்வாள். ஆனால் தட்டார் தொழிலுக்கு என்ன வெட்கம்? கையில் வித்தை வைத்திருந்தவன்.

பீனிக்ஸ்_தாசன்
நீங்கள் பெரியவர் மனதில் இல்லாததை ஏற்றிச் சொல்கிறீர்கள். ஒரு குடும்பம் தன் பெயருக்கு மூன்று நான்கு தலைமுறையாக ஒரு அர்த்தம் சொல்லி வளர்ந்திருக்கிறது. அவர்கள் வாயால் சொல்வது சாட்சி இல்லையா? வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதிய சாதிப் பத்தி மட்டும்தான் சாட்சியா? அந்தப் பத்தியில் எத்தனை பேருக்குச் சாதிக்குப் பதிலாக ‘மலபார்’ (தமிழர்), ‘ஜென்டூ’ (தெலுங்கர்) என்று கண்டபடி எழுதியிருக்கிறான்!

மேரிட்ஸ்பர்க்_சுந்தர்
அது நியாயம். சாதிப் பத்தியை வேதமாக எடுக்க முடியாது. ஆனாலும் ஜில்லா, கிராமம் தெரிந்தால் மற்றதைத் தேட ஒரு பிடி கிடைக்கும். ராஜி அம்மா, அவர்கள் வீட்டில் பழைய நம்பர் ஏதாவது இருக்கிறதா? பட்டியல் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக ஆவண மையத்தில் இருக்கிறது, இணையத்திலும் தேடலாம்.

ராஜி_டோங்காட்
கேட்டேன் சார். நிறவெறி அரசு நம் ஜனத்தைக் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியபோது காகிதமெல்லாம் போய்விட்டதாம். ஆயாவிடம் ஒரு சின்ன மரப்பெட்டி மட்டும் இருக்கிறது, மாமனாருடைய அப்பாவினுடையதாம். திறந்து காட்டினார். உள்ளே கொஞ்சம் குன்றிமணி, சிவப்பில் கறுப்புப் புள்ளி. கூடவே ஒரு கறுப்புக் கல்.

ஜோபர்க்_குமரன்
அவ்வளவுதான், வழக்கு முடிந்தது! குன்றிமணிதான் பொன் நிறுக்கும் எடை. நாலு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. கல் உரைகல்.

பீனிக்ஸ்_தாசன்
என்ன முடிந்தது? பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது எதை வைத்து? குன்றிமணியை வைத்துத்தான். கல் சந்தனம் அரைத்த கல். பக்தர் வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டியது அத்தனையும் இருக்கிறது.

ஜோபர்க்_குமரன்
அண்ணா, கண்ணுக்கு இரண்டு மணி போதும். ராஜி அக்கா, கல் எவ்வளவு பெரிசு? தொட்டால் சொரசொரப்பா, வழவழப்பா? மஞ்சள் கீற்று ஏதாவது தெரிகிறதா?

ராஜி_டோங்காட்
உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வழவழப்புத்தான். கீற்று ஒன்றும் தெரியவில்லை, ஆயா அதை வருடா வருடம் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைக்கிறாராம். எதற்கு என்று கேட்டால், “அவங்க வச்சாங்க, நானும் வைக்கிறேன்” என்கிறார்.

மேரிட்ஸ்பர்க்_சுந்தர்
உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான கல்லில் சந்தனம் இழையாது. அதற்கு அகலமும் வேண்டும், கொஞ்சம் பிடிப்பும் வேண்டும். என் தீர்ப்பு குமரன் பக்கம். பொட்டு வைப்பதும் அதற்குத்தான் பொருந்துகிறது. சரஸ்வதி பூஜைக்குக் கருவியைக் கழுவிப் பொட்டு வைக்காத தொழில்காரன் யார்?

பட்டியலில் பத்தர் என்று மட்டும் தேடி ஏமாறாதீர்கள். அவர் ஒப்பந்தத்தில் வராமல் சொந்தச் செலவில் கப்பல் ஏறியவராக இருந்தால் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார். அப்படி வந்தவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் வந்திருந்தால் அவருடைய சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள். ஆயாவிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜி_டோங்காட்
கேட்டு எழுதிவிட்டேன். கல்யாண வேலை முடிந்ததும் தேடுகிறேன். பத்திரிகைக்குப் ‘பத்தர்’ என்றே கொடுத்துவிட்டேன். பெரியப்பாவிடம் தாசன் அண்ணா சொன்ன தேவார வரியைக் காட்டினேன். சுந்தரரே க் போடாமல்தான் பாடியிருக்கிறார் என்றதும் சரி என்றுவிட்டார்.

பீனிக்ஸ்_தாசன்
என் அம்பை எடுத்து எனக்கே விட்டுவிட்டீர்கள் அம்மா. எழுத்தை ஒப்புக்கொள்கிறேன். அர்த்தம் பக்தர்தான், அதில் மாற்றமில்லை.

சும்மா_ஒருத்தன்
யாழ் கட்சியின் எதிர்ப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பந்தி எத்தனை மணிக்கு?