இட்லிப் பூச்செடி மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். திருமங்கலம் பக்கம் எங்கள் வீடு. கரிசல் மண், கடினமான போர்த் தண்ணீர். வாசலில் இருக்கும் சிவப்பு இட்லிப் பூச்செடியில் கொழுந்து இலைகள் மட்டும் மஞ்சளாகின்றன. நரம்பு பச்சையாகவே இருக்கிறது, அடி இலைகளுக்கு ஒன்றுமில்லை. இரும்புச் சத்துக் குறைவு என்றுதான் படுகிறது. இந்தச் செடிக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். எங்கள் கரிசல் போலச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளிக்கலாமா? லிட்டருக்கு எத்தனை கிராம்? இல்லை, செலேட் இரும்பு (வேர் எளிதில் எடுக்கும்படி செய்த இரும்பு உரம்) வாங்கி வேரில் ஊற்றுவது மேலா? சித்திரை வெயிலில் இலை கருகிவிடுமோ என்றும் யோசனை. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சரிதான், மழைக்கு எங்கே போவது! பிடுங்கிவிட்டு அரளி வை என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ஏற்கெனவே இருக்கிறது. மதுரைப் பக்கம் இதைத் தேற்றியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.