பக்கத்து நாட்டுப் படை வந்தா சனம் பிழைக்குமா?

மாறன்:
போன திரில பாதில விட்ட சண்டைதான், அங்க பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு அதான் தனியா போடறேன். ஒரு நாட்டுல சண்டை மூண்டு சனம் சாகுதுன்னா ஐநா கூடிப் பேசி முடிக்கறதுக்குள்ள பொணம் விழுந்துரும், அக்கம்பக்கத்து நாடுங்க சேந்து படை அனுப்பறதுதான் ஒரே வழி. 1994ல ருவாண்டால கொலை நடந்துட்டிருக்கும்போதே ஐநா பாதுகாப்பு சபை அங்க இருந்த தன் படைய 270 பேராக் குறைக்கச் சொல்லுச்சு. அந்தச் சூடுதான் ஆப்பிரிக்க யூனியன் சாசனத்துல 4(எச்) பிரிவு வந்ததுக்குக் காரணம், இனப்படுகொலைன்னா அந்த நாட்ட கேக்காமலே உள்ள போகலாம்.

வடலி:
போகலாம் எண்டு எழுதினவை, போனவையே? 2015 டிசம்பர்ல புருண்டிக்கு 5000 பேர் கொண்ட படை அனுப்புவம் எண்டிச்சினம், வந்தா அது எங்கள் மேல தாக்குதல் எண்டு அந்த ஜனாதிபதி சொன்னார், அடுத்த மாசமே தலைவர்மார் கூடிப் பின்வாங்கிட்டினம். பக்கத்து நாடு எண்டாலே எனக்கு 1987தான். அமைதிப்படை எண்ட பேரோட இந்தியாவில இருந்து வந்தவை, அக்டோபர் 21 யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து டொக்டர், நேர்ஸ், நோயாளி எண்டு பாக்காமச் சுட்டவை.

மாறன்:
அந்தக் கொடுமைய யாரும் மறுக்கல. ஆனா அது ரெண்டு அரசாங்கம் போட்ட ஒப்பந்தம், ஒரே நாட்டுப் படை. நான் பேசறது பிராந்திய அமைப்பு பத்தி.

வடலி:
பேர்தான் அமைப்பு. 1990ல லைபீரியாவுக்குப் போன ஈகோமாக் எண்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின்ர கூட்டுப் படையில பெரும்பாலும் நைஜீரியாக்காரர். அவை அடிச்ச கொள்ளையில சனம் அந்தப் பேருக்கே ‘எவ்ரி கார் ஆர் மூவிங் ஆப்ஜெக்ட் கான்’ எண்டு விரிவாக்கம் குடுத்தது, அசையிற எதையும் விட்டு வைக்கேல்ல எண்டு அர்த்தம் 🙂

சுடர்க்கொடி:
ரெண்டு பேரும் யார் வர்றாங்கன்னே பேசறீங்க, வந்தவங்க கைல என்ன இருந்துச்சுன்னு பாருங்க. சூடான்ல இருக்கற டார்ஃபூர் கிட்டத்தட்ட பிரான்ஸ் அளவு, அதுக்கு ஆப்பிரிக்க யூனியன் அனுப்பினது உச்சத்துல 7000 பேர் சொச்சம். அங்க முகாம்ல இருந்த பொம்பளைங்க அடுப்பெரிக்க விறகுக்கு வெளிய போகணும், போனா வழில மறிச்சு சீரழிப்பாங்க, ஆம்பள போனா கொன்னுடுவான்னு பொம்பளைய அனுப்பின வீடுங்க அது. அப்ப இந்தப் படை விறகு ரோந்துன்னு ஒண்ணு ஆரம்பிச்சுது, அவங்க பொறுக்கி முடிக்கற வரைக்கும் வண்டியோட கூடவே நிப்பாங்க, நின்ன நாள்ல சனம் பத்திரமாத் திரும்புச்சு. பல இடத்துல அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. சிப்பாய்க்கு மாசக்கணக்கா சம்பளம் வராம எத்தன நாள் நிப்பான்? 2007 செப்டம்பர் கடைசில ஹஸ்கனிதால இந்தப் படையோட முகாம்லயே கிளர்ச்சிக்காரங்க பூந்து படைக்காரங்கள்ல பத்து பேரக் கொன்னாங்க.

மாறன்:
அதத்தான் சொல்றேன், காசு குடுத்தா வேலை நடக்கும்.

சுடர்க்கொடி:
காசு மட்டும் இல்லங்க. அந்தப் படைக்கு 2004ல குடுத்த உத்தரவுலயே ‘பக்கத்துல, கண்ணெதிர்ல ஆபத்துல இருக்கறவங்கள, முடிஞ்ச அளவுக்கு’ காப்பாத்துன்னுதான் இருந்துச்சு. பத்து கிலோமீட்டர் தள்ளி ஊர் எரிஞ்சா அது கண்ணெதிர் கணக்குல வருமா?

மாறன்:
சரி, 2023 டிசம்பர்ல பாதுகாப்பு சபைல 2719 தீர்மானம் வந்துச்சே, ஆப்பிரிக்க யூனியன் படைக்கு செலவுல 75 சதவீதம் வரைக்கும் ஐநா தரலாம்னு.

வடலி:
‘வரைக்கும்’, ‘தரலாம்’. சோமாலியாவில நிக்கிற ஆப்பிரிக்க யூனியன் படைக்கு அதைப் பாவிப்பம் எண்டபோது அமெரிக்கா ஒத்துக்கொள்ளேல்லத் தம்பி.