ஆர்எச் ‘பொருத்தமின்மை’: சொல் மாற வேண்டும்

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

விந்துக்கொடை நாடுவோருக்கான விளக்கத்தாளில், ஆர்எச் என்னும் குருதிக்கூறு தாயிடம் இல்லாமல் குழந்தையிடம் இருப்பதால் வரும் சிக்கலுக்கு ‘ஆர்எச் பொருத்தமின்மை’ என்ற தொடரே போதும் என்று இவ்விழையில் பலரும் எழுதியுள்ளீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தேவிபட்டினத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு தாளை என்னிடம் நீட்டி, “அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் ரத்தப் பொருத்தம் இல்லையாமே, பத்துப் பொருத்தம் பாத்தவங்க இத ஏன் பாக்கல?” என்று கேட்டாள். அவளுக்கு ஓ நெகட்டிவ், அதாவது சிவப்பணுவில் டி எனப்படும் ஆர்எச் கூறு இல்லாத குருதி. கணவருக்கு விந்தணு இல்லாததால் கொடையாளரின் விந்தை நாடியிருந்தார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் குருதிவகையில் கணவருக்குப் பங்கே இல்லை என்றாலும், அந்தச் சொல் அவர் தலையில்தான் போய் விழுந்திருந்தது.

சிக்கல் கொடையாளருக்கும் பெண்ணுக்கும் இடையிலும் இல்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையில்தான் இருக்கிறது. கொடையாளரிடமிருந்து வரும் மரபணுவால் குழந்தையின் சிவப்பணுவில் டி ஆன்டிஜென் அமைந்து, அவ்வணுக்கள் பேறுகாலத்திலோ கருச்சிதைவிலோ தாயின் குருதியில் கலந்தால், டி இல்லாத தாயுடல் அதை அயலானாகக் கருதி எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) உருவாக்கிக்கொள்கிறது. முதற்குழந்தை பெரும்பாலும் தப்பிவிட, அடுத்த குழந்தையிடமும் டி இருந்தால் அதன் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று அழிக்கிறது.

‘பொருத்தமில்லை’ என்பதற்கு நம்மூரில் ‘வேண்டாம், விட்டுவிடு’ என்றே பொருள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் நெகட்டிவ் வகையினர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர்தான். ஆகவே அத்தகைய கொடையாளர் கிடைப்பது அரிது. பாசிட்டிவ் கொடையாளரைத் தேர்ந்தாலும், கருவுற்ற 28ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்டு பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்ட பெண்ணுக்கு அவ்வூசி உதவாது; அவருக்கு நெகட்டிவ் கொடையாளரே தக்கவர், ஏனெனில் இருவரிடமும் டி இல்லாதபோது குழந்தைக்கும் அது வராது. இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லால் மூடிவிடுவது தவறு.

‘ஒவ்வாமை’யும் ஆகாது, இறால் தின்று உடம்பு தடிப்பதற்கு அது நிலைத்துவிட்டது. எங்கள் கரையில் ‘ரத்தம் சேரல’ என்றுதான் பேசுகிறார்கள். கணவாய் மீன் உடம்புக்குச் சேராது என்பதும் அதே வினைதான் என்றாலும், கலைச்சொல்லாக அது இன்னும் எந்த நோய்க்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே ‘தாய்சேய்க் குருதிச் சேராமை’ என்பதை முன்மொழிகிறேன். யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது சொல்லிலேயே இருக்கிறது. நெகட்டிவுக்கு ‘எதிர்மறை’ என்பதும் பிழை. அங்கே எதிரானது ஒன்றுமில்லை, ஒன்று இல்லாமையே உண்டு. முதுகெலும்பிலி என்பதுபோல ‘டி-இலி’ எனலாமே.

*

ஐயா, வணக்கம்.

மண்டபத்தில் செவிலியாக இருக்கிறேன். ‘சேராமை’யை முழுமனத்தோடு ஏற்கிறேன், பாசி எடுக்கப் போகும் பெண்களிடமும் அதை விளக்க வேண்டியதிருக்காது. ‘டி-இலி’யை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். பிள்ளை இல்லாத ஏக்கத்தோடு வந்து அமர்ந்திருப்பவரிடம் ‘இலி’ என்று முடியும் ஒரு சொல்லை என்னால் வாய்விட்டுச் சொல்ல இயலாது. அத்துடன் ‘டி’ என்றாலே ‘வாடி, போடி’ நினைவுக்கு வந்து சிரிக்கிறார்கள்.

மேலும், குருதிப்பையில் நெகட்டிவ் என்றே அச்சாகியிருக்கிறது. பாம்பன் பாலம் தாண்டி இரவில் ஒரு பையைக் கொண்டுவரும்போது, பையில் ஒரு பெயரும் தாளில் வேறொரு பெயரும் இருந்தால் கை தடுமாறும். எனவே விளக்கத்தாளில் நெகட்டிவ் என்றே எழுதிவிட்டு, ‘சிவப்பணுவில் டி இல்லாத குருதி’ என்று அது முதலில் வரும் இடத்தில் ஒருமுறை விரித்துச் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

தாயுடல் ஒருமுறை எதிர்ப்பொருளை உருவாக்கியபின் அதை மறவாதிருக்கும் அந்த நிலைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘உணர்வூட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மயக்கம் தெளிவிப்பதுபோல் ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.