ஒரே குடிலில் ஆறு பாந்தர் பச்சோந்தி: குளிருக்குக் கறுத்ததா, தோற்றுக் கறுத்ததா?

வேலி_ஓணான்:
மழைக்காட்டான் நேற்றுப் போட்ட பதிவைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன். மடகாஸ்கர் இனமான பாந்தர் பச்சோந்தியைத் தனித்தனிக் கூண்டில் வளர்ப்பது மூடநம்பிக்கையாம். செடி அடர்த்தியாக இருந்தால் இரண்டு ஆண், நான்கு பெண் எல்லாம் ஒரே பசுமைக்குடிலில் கூட்டுக்குடும்பம் நடத்துமாம். சூரிச் விலங்குக்காட்சிச்சாலையே அப்படித்தான் வைத்திருக்கிறதாம். கூடவே ஒரு படம் வேறு. முன்னால் பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கும் ஆணுக்கு எல்லாரும் இதயம் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். பின்னால் ஃபைகஸ் செடிக் கிளையில், உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு, கரிக்கட்டை நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை ஒருத்தராவது பார்த்தீர்களா? அதுதான் இரண்டாவது ஆண். தோற்றுப்போன ஆண்.

மழைக்காட்டான்:
காலையில் எடுத்த படம் அது. பச்சோந்தி குளிருக்குக் கறுக்கும், வெயிலை நன்றாக உறிஞ்சுவதற்காக. முதல் பாடத்திலேயே வரும் விஷயம். சூரிச்சில் மசோவாலா மழைக்காட்டு மண்டபத்தை 2003-இல் திறந்தார்கள், பாந்தர்கள் கூண்டே இல்லாமல் மரத்துக்கு மரம் திரிகின்றன, தாமே முட்டையிட்டுப் பெருகுகின்றன. நான் நேரில் போய்ப் பார்த்தவன். நீங்கள் ஓணான் என்று பெயர் வைத்துக்கொண்டு பச்சோந்திக்கு வக்கீலாக வந்திருக்கிறீர்கள்.

வேலி_ஓணான்:
பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மசோவாலா 11,000 சதுர மீட்டர், உயரம் 30 மீட்டர். உங்கள் குடில், நீங்களே முன்பு எழுதியது, 18 சதுர மீட்டர். அங்கே கூரை ஈடிஎஃப்ஈ என்ற பிளாஸ்டிக் படலம், புற ஊதாக் கதிர் உள்ளே வரும். உங்களுடையது கண்ணாடி, அந்தக் கதிரில் எலும்புக்கு வேண்டிய யூவிபி என்ற பகுதியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். புற ஊதா விளக்கு போடாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். அது இருக்கட்டும், கறுப்புக்கு வருவோம். குளிருக்குக் கறுக்கும் பச்சோந்தி வெயில் பக்கம் விலாவைத் திருப்பி விரித்துக் காட்டும். உங்கள் பிராணி கிளைக்கு அந்தப் பக்கம், நிழலில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது. வெயில் காய்கிறவன் நிழலில் போய் ஏன் உட்காருகிறான்?

செம்பருத்தி:
ஒரு நிமிடம். குழு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு ஆணும் சில பெண்களும் என்பது வேறு, இரண்டு ஆண் என்பது வேறு. இனமும் முக்கியம். ரியெப்பலியோன் மாதிரி குட்டி இலைப் பச்சோந்திகளை ஒரு ஆண், சில பெண் என்று சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

மழைக்காட்டான்:
கண் மூடவில்லை, இமைத்த நேரத்தில் படம் விழுந்திருக்கிறது. ஆய்வு வேண்டுமா? 2014-இல் அனிமல் பிஹேவியர் ஆய்விதழில் வந்தது. ஏமன் பச்சோந்திகளைத் தனியாக வளர்த்தால் நிறம் மங்கி, இரை பிடிப்பதிலும் மந்தமாக இருந்தன. சேர்த்து வளர்த்தவை நன்றாக இருந்தன. பச்சோந்தி என்றாலே தனிமை என்று ஓதுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

வேலி_ஓணான்:
குஞ்சு ஐயா, குஞ்சு! அந்த ஆய்வு குஞ்சுகளை வைத்துச் செய்தது. வளர்ந்த இரண்டு ஆண்களை 18 சதுர மீட்டரில் அடைக்கச் சொல்லி அதில் எங்கே இருக்கிறது? அதே 2014-இல் ரஸ்ஸல் லிகான் என்ற ஆய்வாளர் வளர்ந்த ஆண்களை மோதவிட்டுப் பார்த்தார். தோற்கிற ஆண் கறுக்கிறது. "சரணடைந்துவிட்டேன், அடிக்காதே" என்பதற்கான அடையாளம் அந்தக் கறுப்பு. காட்டில் என்றால் கறுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும், பிரச்சினை முடிந்தது. உங்கள் குடிலில் அது எங்கே போகும், தொட்டிக்கு அடியிலா? அதனால்தான் நாள் முழுக்கக் கறுத்தே கிடக்கிறது.

மழைக்காட்டான்:
லிகான் பார்த்தது ஏமன். என்னுடையது பாந்தர்.

வேலி_ஓணான்:
நீங்கள் காட்டிய குஞ்சு ஆய்வும் ஏமன்தானே? உங்களுக்கு மட்டும் செல்லும், எனக்குச் செல்லாதா?

கோவை_தோட்டக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம்மிடம் ரோஜாக் குடில் இருக்கிறது, எங்கள் பக்கம் வேலிமரத்தில் பச்சோந்தி நிறைய உண்டு, நான்கைந்து பிடித்து உள்ளே விட்டால் பூச்சி குறையுமா?

வேலி_ஓணான்:
பிடித்துவிட்டு நேராக வனத்துறை அலுவலகத்துக்கு நடந்துவிடுங்கள், அவர்களுக்கு அலைச்சல் மிச்சம். இந்தியப் பச்சோந்தி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதோடு கழுத்து சிவந்து, தலையை ஆட்டிக்கொண்டு வேலியில் ஓடுகிறதே, அது பெரும்பாலும் ஓணான்.

கோவை_தோட்டக்காரன்:
எனக்கு ஓணான் தெரியாதா? வாலைச் சுருட்டி வைத்திருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், மிரட்டாதீர்கள்.

பழைய_கணக்கு:
மழைக்காட்டான் அண்ணை, செடி அடர்த்தி பற்றிப் பாடம் எடுக்க முதல், போன வருடம் உங்களிடம் வாங்கின ஃபைகஸ் தொட்டிகளின் காசைத் திருப்பித் தாங்கோ. இலைக்கு அடியில் முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி. என்னுடைய மற்றச் செடிகளுக்கும் பரவிவிட்டது. மருந்து அடித்தால் பூச்சி தின்னும் பச்சோந்திக்கு விஷம், அடிக்காவிட்டால் செடி போச்சு.

மழைக்காட்டான்:
தம்பி, சுத்தமாகத்தான் கொடுத்தேன், உங்கள் வீட்டில் வந்த பூச்சிக்கு நான் பொறுப்பில்லை. ஓணானுக்கு: பெட்டியில் வளர்க்கும் நீங்கள்தான் முட்டையிட இடம் தராமல், முட்டை வயிற்றிலேயே அடைத்துப் பெண்ணைச் சாகவிடுகிறீர்கள். என் குடிலில் ஈர மண் தரை இருக்கிறது, பெண் தனக்குப் பிடித்த இடத்தில் தோண்டி முட்டையிடுகிறது. காலையில் இலையில் நிற்கும் துளியைக் குடிக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு படத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். இன்னொன்று, நான் மறுபடி பார்த்தேன், பின்னால் இருப்பது ஆணே இல்லை, சினைப் பெண். சினையானால் பாந்தர் பெண் கறுக்கும், ஆணை ஒதுக்குவதற்கு.

வேலி_ஓணான்:
ஆகா! முதலில் குளிர், பிறகு இமைப்பு, இப்போது சினையா? சினைப் பெண்ணுக்குக் கறுப்பின் மேல் ஆரஞ்சுத் திட்டு இருக்கும், இதில் ஒரு பொட்டுக் கூட இல்லை. வால் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஆணுக்கு உள்ள புடைப்பு அப்படியே தெரிகிறது. மூக்கு நுனியும் ஆணுடையது. இன்னும் கேளுங்கள், தொட்டியின் நிழல் தொட்டியின் காலடியிலேயே விழுந்திருக்கிறது. காலை வெயிலுக்கு நிழல் நீளமாக அல்லவா விழும்?

மழைக்காட்டான்:
அது விளக்கு நிழல். மேலே சூட்டு விளக்கு எரிகிறது.

வேலி_ஓணான்:
மேலே சூட்டு விளக்கு எரிந்தால் குளிர் எங்கிருந்து வந்தது?

செம்பருத்தி:
இன்னும் யாரும் குழு என்றால் என்ன என்று சொல்லவில்லை.

மழைக்காட்டான்:
விளக்கு அப்போதுதான் போட்டது. இரவில் சூடு இறங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாதவரிடம் பேசிப் பயனில்லை. என் ஆறும் நன்றாகத் தின்கின்றன.

வேலி_ஓணான்:
கறுத்தவன் தின்பதைப் பார்த்தீர்களா? கிண்ணத்தில் வெட்டுக்கிளி காலியானால் ஆறும் தின்றது என்று கணக்கா? முன்னால் பளபளக்கிறவன் ஆறு பேர் பங்கையும் தின்பான். நண்பகலில் ஒரு படம், மாலை 4 மணிக்கு ஒரு படம், இரண்டிலும் கறுத்தவன் தெரிய வேண்டும், தொட்டி நிழலும் தெரிய வேண்டும். போடுங்கள் பார்ப்போம். அவன் பச்சையாக இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்த நேரத்துக்கு மற்றவனை வெளியே எடுத்து வைத்திருப்பீர்கள்.

மழைக்காட்டான்:
அப்படியென்றால் நான் எதற்குப் படம் போட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை முழு வீடியோ வரும், உங்களுக்காக இல்லை, புரிந்துகொள்கிற மற்றவர்களுக்காக.

பழைய_கணக்கு:
வீடியோவில் அந்த ஃபைகஸ் இலையையும் ஒருக்கால் திருப்பிக் காட்டுங்கோ அண்ணை. மாவுப்பூச்சி உங்களிடம் இல்லை என்றீர்களே, பார்ப்போம்.

கோவை_தோட்டக்காரன்:
வாலைச் சுருட்டினால் ஓணான் இல்லைதானே?