ஐந்து மேற்கோள் கொடுத்தும் ‘சான்று தேவை’ என்கிறார்கள்: என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து, வெண்ணாற்றுப் பாசனம் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதி வருகிறோம். மூணாறு தலைப்பு என்ற தலைமதகில் வெண்ணாறு பிரிவதில் தொடங்கி வாய்க்கால், மதகு வரைக்கும் வேலை நன்றாகவே நடக்கிறது. சிக்கல் கல்லணைப் பத்தியில்.

“கரிகாலன் 2ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்லணை 329 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 5.4 மீட்டர் உயரமும் கொண்டது” என்று எழுதி, ஐந்து மேற்கோள் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளிதழின் ஞாயிறு மலர், இரண்டு சுற்றுலாத் தளங்கள், ஒரு வலைப்பூ, ஒரு பொது அறிவுப் புத்தகம். ஒரு பயனர் வந்து எதையும் நீக்காமல், ‘நம்பகமான சான்று தேவை’ என்று பத்தியின் தலையில் ஒட்டிவிட்டுப் போனார். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் “ஐந்தும் ஒன்றுதான்” என்று ஒரே வரியில் பதில். ஒரு மேற்கோள்கூட இல்லாத கட்டுரைகள் எத்தனையோ நிம்மதியாக இருக்கின்றன. எங்கள் பத்திக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை?

இன்னொன்று. பழைய நாகப்பட்டினம் மாவட்டத் தளத்துக்குக் கொடுத்திருந்த இணைப்புகள் சில இப்போது திறப்பதில்லை. அவற்றை எடுத்துவிடலாமா?

ஏட்டுக்கட்டு

அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் சொன்னால் ஐந்து சாட்சி என்று ஆகிவிடாது. ஐந்து பேரும் ஒருவரிடம் கேட்டுச் சொல்லியிருந்தால் சாட்சி ஒருவர்தான். மூன்று அளவுகளும் எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். நேரில் அளந்தவர்களோ ஆவணத்தைப் புரட்டியவர்களோ எழுதினால் ஒருவர் அடியில் சொல்வார், ஒருவர் உயரத்தை விட்டுவிடுவார். வரிசைகூட மாறாமல் வந்தால் அது நகல்.

ஐந்தையும் தேதி வாரியாக அடுக்குங்கள். எழுத்துப் பிழைகளைத் தேடுங்கள். பிழைதான் நல்ல தடயம், ஏனென்றால் சரியான வாக்கியத்தை இருவர் தனித்தனியாக எழுதக்கூடும். ஒரே தவற்றை அப்படி எழுதுவது அரிது.

இறந்த இணைப்பை எடுக்க வேண்டாம். பழைய வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியை இட்டுப் பாருங்கள். பழைய படி கிடைத்தால் காப்பக இணைப்பை மேற்கோள் வார்ப்புருவில் சேர்த்து, ‘பார்க்கப்பட்ட நாள்’ என்ற இடத்தையும் நிரப்புங்கள். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பக்கம் சொல்லும் ‘மாவட்டம்’ இன்றைய நாகப்பட்டினம் அன்று என்பதையும் கட்டுரையில் காட்டிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

அடுக்கிப் பார்த்தேன். ஐந்தில் பழையது வலைப்பூ. அதில் வெண்ணாற்றை ‘வெண்ணறு’ என்று அச்சடித்திருக்கிறார். அதே ‘வெண்ணறு’ இரண்டு சுற்றுலாத் தளங்களிலும் இருக்கிறது. நாளிதழ் மலரிலும், வெண்ணாற்றைத் தினமும் பார்க்கும் ஊர்க்காரர்கள் படிக்கிற பதிப்பில், அப்படியே இருக்கிறது! பொது அறிவுப் புத்தகத்தின் முன்னுரையில் ‘இணையத்தில் திரட்டியவை’ என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். வலைப்பூக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று எங்கும் சொல்லவில்லை.

சரி, ஐந்தும் போகட்டும். அளவுகளுக்கு எங்கே போவது?

மதகுச்சாவி

தம்பி, அளவுக்குப் போவதற்கு முன்பு எதன் அளவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இன்று கல்லணைக்குப் போனால் ஒரு சுவர் மட்டும் நிற்கவில்லை. காவிரிக்கு ஒரு ஒழுங்கி (தண்ணீரை அளந்து விடும் மதகு வரிசை), வெண்ணாற்றுக்கு ஒன்று, கொள்ளிடம் பக்கம் மணலை வெளியேற்றும் மணற்போக்கிகள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தபோது அதே திட்டத்தில் வந்த கல்லணைக் கால்வாய், அதாவது நம் புது ஆறு, அதற்கு ஒரு தலைமதகு. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காலத்திலிருந்தே அங்கே மராமத்தும் கட்டுமானமும் நடந்திருக்கின்றன. 329 மீட்டர் என்பது பழைய கல் அணையா, இப்போது மேலே இருக்கும் சாலைப் பாலமா? இதைச் சொல்லாத மேற்கோள், அரசுத் தளமே ஆனாலும், எனக்குப் பாதி மேற்கோள்தான்.

நீர்வளத் துறை வெளியிட்ட ஆவணம், அல்லது பொறியியல் இதழில் வந்த கட்டுரை, பக்க எண்ணோடு. கிடைக்கும் வரை அளவுகளை எடுத்துவிடுங்கள். உங்கள் கட்டுரை வெண்ணாற்றைப் பற்றியது. கல்லணையின் உயரம் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

செப்பேட்டுப் பித்து

அளவைவிட எனக்கு முதல் பாதிதான் உறுத்துகிறது. “கரிகாலன் 2ஆம் நூற்றாண்டில் கட்டிய”. இதற்கு எந்தச் சான்றைத் தருவீர்கள்?

பட்டினப்பாலை ‘காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்று கரிகாலனைப் பாடுகிறது. அது குளம். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்ததைப் புகழ்கிறது. அது கரை. ஆந்திரப் பகுதியை ஆண்ட ரேநாட்டுச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாடு செப்பேடும் காவிரியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தியவன் என்றுதான் கரிகாலனைச் சொல்கிறது. மூன்றும் மதிப்புள்ள சான்றுகள். ஆனால் மூன்றிலும் ‘கல்லணை’ என்ற பெயர் இல்லை. மூலத்தில் கரை இருக்க, கட்டுரையில் அணை என்று எழுதிவிட்டு அதே மூலத்தை அடிக்குறிப்பாக இடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மூலம் நம்பகமானது, மேற்கோள் நம்பகமற்றது! இணைப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

சோழநாட்டான்

அம்மா, மன்னிக்கவும். கல்லணையைக் கரிகாலன் கட்டவில்லை என்று எழுதச் சொல்கிறீர்களா? தஞ்சையில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எல்லாவற்றுக்கும் தாள் கேட்டால் நம் வரலாற்றில் பாதி மிஞ்சாது.

செப்பேட்டுப் பித்து

இல்லை ஐயா. கட்டவில்லை என்று எழுதவும் சான்று வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. “கரிகாலன் கட்டியதாக மரபு கூறுகிறது” என்று எழுதி, அப்படிச் சொல்லும் வரலாற்று நூலை மேற்கோள் காட்டலாம். அடுத்த வாக்கியத்தில் “அவன் காவிரிக்குக் கரை எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு குறிக்கிறது” என்று தனியாக, தனி மேற்கோளோடு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துக் கடைசியில் ஓர் எண்ணை ஒட்டினால், எது எதற்குச் சான்று என்று படிப்பவருக்குத் தெரியாது. பிள்ளைகள் சொல்வதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும் சொல்லும். மாலையில் போய் நின்றால் நிழலிலேயே உட்காரலாம்.

ஏட்டுக்கட்டு

ஒரு மூலத்தை ஒரேயடியாக நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தவும் வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியா 2017இல் டெய்லி மெயில் என்ற பிரிட்டிஷ் நாளிதழைப் பொதுவாக ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அது நெடிய விவாதத்துக்குப் பின். அந்த ஞாயிறு மலர் கல்லணையின் வயதுக்கு உதவாது. ஆனால் அதே நாளிதழ், மேட்டூரில் தண்ணீர் திறந்த மறுநாள் வெளியிட்ட செய்தி, திறந்த தேதிக்கு நல்ல சான்று. எந்தச் செய்திக்கு என்ற கேள்வியோடு சேர்த்துத்தான் மூலத்தை எடை போட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

அளவுகளை எடுத்துவிட்டேன். மரபு, செப்பேடு இரண்டையும் தனித்தனி வாக்கியமாக்கினேன். செப்பேட்டுக்கு எதை மேற்கோள் காட்டுவது? வலைத்தளங்களில் மொழிபெயர்ப்புதான் கிடைக்கிறது. இன்னொன்று: எங்கள் வாய்க்கால் மதகில் ஆண்டு பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அதைச் சான்றாகக் கொள்ளலாமா?

செப்பேட்டுப் பித்து

தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதி, எண் 205. தொகுதியின் ஒளிவருடல் (ஸ்கேன்) இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இருக்கிறது. தொகுதி, எண், பக்கம் மூன்றையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை நீங்களே பார்த்த பிறகு எழுதுங்கள்; நான் சொன்னேன் என்பதற்காக வேண்டாம்.

மதகுச்சாவி

கல்லைப் படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் பொதுவகத்தில் (விக்கிமீடியா காமன்ஸ்) ஏற்றுங்கள், பொறிப்பு படிக்கிற மாதிரி, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது. கல்லில் அந்த ஆண்டு இருக்கிறது என்பதற்குப் படம் போதும். மதகு அந்த ஆண்டில்தான் கட்டப்பட்டது என்பதற்குப் போதாது. பழுதுபார்த்த ஆண்டாகவும் இருக்கலாம். அதற்குப் பொதுப்பணித் துறையின் பழைய அறிக்கை கிடைக்கிறதா பாருங்கள்.

ஆமாம், ‘வெண்ணறு’ உங்கள் கட்டுரையிலும் கல்லணைப் பத்திக்கு அடுத்த பத்தியில் இருக்கிறது. அது யார் சேர்த்த வரி என்று கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் பாருங்கள்.