மூட்டை தூக்குவோருக்கு மின்கலமில்லா முதுகுத் துணைப்பட்டி

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பெரும்போக அறுவடையில் ஆண்டுதோறும் நெல் மூட்டைகளைத் தூக்கியே என் தந்தையாரின் இடுப்பு பழுதடைந்துவிட்டது. பழைய சைக்கிள் ரியூப்பைத் தோளிலிருந்து தொடைவரை முதுகுப்புறமாக இழுத்துக் கட்டினால், குனியும்போது நீண்டு, நிமிரும்போது தூக்கிவிடும் என்று எண்ணுகிறேன். இது உண்மையில் பயன் தருமா?

பதில் (வவுனியா):
தம்பி, எண்ணம் சரியானதே. முதுகுத் தசை முள்ளந்தண்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே இழுப்பதால், 40 சென்ரிமீற்றர் முன்னால் பிடிக்கும் 25 கிலோச் சுமைக்கு மட்டும் அது 200 கிலோ அளவு இழுக்க வேண்டியிருக்கிறது. 10 சென்ரிமீற்றர் பின்னால் செல்லும் ரியூப் 20 கிலோ விசையுடன் இழுத்தால் தசையின் பாரத்தில் 40 கிலோ குறையும். ஆனால் ரியூப்பின் இழுவையும் முள்ளந்தண்டை அழுத்துவதால், மிஞ்சும் ஆதாயம் 20 கிலோதான். மையத்திலிருந்து தூரம் கூடினால் ஆதாயமும் கூடும்; ஆகவே ரியூப்பை முதுகிலிருந்து சற்று விலக்கி ஓடவிடுங்கள். களை பிடுங்குவது போன்ற நெடுநேரக் குனிவுக்கே இது நன்கு உதவும். தோளில் சுமந்து நடக்கும்போது உதவாது.

பதில் (முல்லைத்தீவு):
நான் கட்டிப் பார்த்தபோது தொடைப்பட்டி மேலேறித் தோலை உரசியது. முழங்காலுக்குக் கீழே இன்னொரு பட்டி கட்டி அதனுடன் இணைத்த பின்னரே நிலைத்து நின்றது. எனினும், ஐயாவுக்கு வலி காலுக்கு இறங்குகிறதென்றால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். மூட்டைகளையும் பாதியாகப் பிரித்துக் கட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கால் வலியும் இருக்கிறது. நாளையே அழைத்துச் செல்கிறேன்.